மனநல வார்டுத் தாதியருக்கு மீட்சி நோக்கிய பராமரிப்பைப் பயிற்றுவித்தல்

மனநல வார்டில் பணிபுரியும் தாதியருக்கு மீட்சி நோக்கிய பராமரிப்பை, அதாவது நோயாளி தாம் விரும்பும் வாழ்வுக்குத் திரும்பத் துணைநிற்கும் பராமரிப்பைக் கற்பிக்க விரும்புவோர், பணிமாற்ற வேளையில் கைமாறும் குறிப்பேட்டிலிருந்து தொடங்குவது நல்லது. "சாப்பிட்டார், தூங்கினார், மருந்து உட்கொண்டார், தொந்தரவில்லை" என்று முடியும் குறிப்பில், அந்த மனிதர் எதை விரும்புகிறார் என்பதற்கு இடமே இல்லை. ஆகவே, நோயாளி சொன்ன ஒரு தேவையை அவருடைய சொற்களிலேயே எழுதும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்துங்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரவு மாத்திரையின் மயக்கம் விடிந்தும் தெளியாததால், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டுக்குப் போய் நிற்க முடியாமல் அன்றைய சம்பளத்தை இழக்கிறார். அதனாலேயே மாத்திரையை நிறுத்துகிறார். "மருந்தை மறுக்கிறார்" என்று மட்டும் எழுதினால் அவர் பிடிவாதக்காரராகிவிடுவார். காரணத்தைக் கேட்டு எழுதினால், வேளையையோ அளவையோ மாற்றலாமா என்று மருத்துவர் அவருடன் கலந்து பேசி முடிவெடுக்க வழி பிறக்கும். இந்த உரையாடலை இருவர் இருவராக நடித்துப் பழகச் செய்யுங்கள். அறிவுரை சொல்லாமல் ஐந்து நிமிடம் காதுகொடுத்துக் கேட்பதுதான் இப்பயிற்சியிலேயே கடினமான பாடம் என்பதால், அதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும்.

கோட்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். உறவு, நம்பிக்கை, அடையாளம், வாழ்வின் பொருள், தன் வாழ்வைத் தானே நடத்தும் வலிமை என்று 2011இல் ஆய்வாளர்கள் தொகுத்த ஐந்து கூறுகளை விளக்கினால் போதுமானது. இதற்கு நெருக்கமானதும், வார்டில் மோதல்களைக் குறைக்க உருவாக்கப்பட்டதுமான சேஃப்வார்ட்ஸ் முறையை இங்கிலாந்தின் 31 வார்டுகளில் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், மோதல்கள் 15 விழுக்காடும், நோயாளிகளைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் குறைந்திருந்தன. வீடு திரும்புவோர் எழுதித் தரும் நம்பிக்கை வாசகங்களை வார்டுச் சுவரில் தொங்கவிடுவது அதன் எளிய அங்கங்களுள் ஒன்று.

பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் இயங்கிவரும் மனநல மருத்துவமனையால், அந்த ஊர்ப்பெயரே நம்மிடையே ஏளனச் சொல்லாகிவிட்டது. அந்த ஏளனத்தைக் கேட்டு வளர்ந்த தாதியர் அதைப் பற்றி மனம்விட்டுப் பேச இடம் கொடுங்கள். நோயிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்பிய ஒருவரை, உரிய சன்மானம் கொடுத்து, துணைப் பயிற்றுநராக அழையுங்கள். அவரை வெறும் சாட்சியாக மேடையேற்றுவது மரியாதையன்று.

இறுதிப் பயிற்சியாக, வீடு திரும்பும் ஒருவருடன் அமர்ந்து, நோய் திரும்புவதன் முன்னறிகுறிகள், அப்போது அழைக்க வேண்டியவர், அடுத்த கிளினிக் தேதி ஆகியவற்றை அவருக்கு வாசிக்க வரும் மொழியில் எழுதச் செய்து, ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுக்கச் செய்யுங்கள்.