பி.ஏ. தமிழோடு இசையும் படிக்க

காரைக்குடியில் பி.ஏ. தமிழ் படித்தபோது இசையைத் துணைப்பாடமாக எடுத்தேன். சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கி, செய்முறைத் தேர்வுக்கு எத்தனை மதிப்பெண் என்று பாருங்கள். எழுத்துத் தேர்வைக் கடைசி மாதத்தில் சமாளிக்கலாம், குரலை முடியாது.

தினமும் விடியலில் அரை மணி நேரம் சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியை, மாயாமாளவகௌளை ராகத்தில், மூன்று காலமும் (வேகமும்) பாடுங்கள். எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) பாடினால் குரல் முழங்கும். அந்த முழக்கம் சுருதிப் பிசகை மறைத்துவிடும் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்தே தெரிந்தது. சுருதிப் பெட்டியோடு மொட்டைமாடிக்குப் போங்கள்.

72 மேளங்களையும், அதாவது தாய் ராகங்களையும், வெறும் பட்டியலாக உருப்போடாதீர்கள். முதல் 36 மேளங்களுக்குச் சுத்த மத்திமம் (தாழ்ந்த ‘ம’ சுரம்), மற்ற 36-க்குப் பிரதி மத்திமம் (உயர்ந்த ‘ம’). 29-ஆவதான சங்கராபரணத்தில் மத்திமத்தை மட்டும் மாற்றுங்கள். 65-ஆவதான கல்யாணி பிறக்கும். அதைப் பாடிப் பார்த்த அன்றுதான் அந்தக் கணக்கு என் காதில் விழுந்தது. என்ன அழகான கணக்கு!

தாளத்துக்குக் கையே போதும், பஸ்ஸில்கூடப் போடலாம்.

தமிழ் மாணவர்களுக்குத் தேவாரம் பெரிய செல்வம். அதன் பாடல்கள் பண் எனும் பழந்தமிழ் ராகங்களில் அமைந்தவை. பழம்பஞ்சுரம் என்ற பண்ணை இன்று சங்கராபரணத்தில் பாடுகிறார்கள்; இந்தளத்தை மாயாமாளவகௌளையில். நம் பக்கத்துத் திருப்புத்தூரே பாடல் பெற்ற தலம். எந்தக் கோயிலிலாவது ஓதுவார் பாடக் கேட்க வாய்த்தால் விடாதீர்கள். பாடி முடித்ததும் பண்ணின் பெயரை ஐயாவிடமே கேட்டு, அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.