கறுப்பு மணிக்கூடு கறுப்பாகவே இருக்க: புதிதாக வாங்குகிறவர்களுக்கு

கறுப்பு மணிக்கூடு வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பூச்சு எத்தனை வருசம் நிக்கும்?" என்பதுதான். நான் பார்த்தவரை பூச்சு தானாகத் தேய்ந்து போவது குறைவு. கீழே இருக்கும் உலோகம் நசுங்கும்போதுதான் அது விட்டுப்போகிறது. ஆகவே உலோகத்திலிருந்து தொடங்குவோம்.

படி 1: பின்மூடியைத் திருப்பி வாசியுங்கள்
'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் பொறித்திருந்தால், உருக்கு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த மூடி மட்டுமே. உடல் பெரும்பாலும் பித்தளையாகவோ துத்தநாகக் கலப்பாகவோ இருக்கும். புறக்கோட்டை நடைபாதையில் மலிவாகக் கிடைப்பவற்றில் இதைக் கட்டாயம் பாருங்கள். பூச்சு போன இடத்தில் கொழும்பு வியர்வையும் உப்புக் காற்றும் பட்டால் அந்த உலோகம் அரிக்கத் தொடங்கும். உடல் முழுவதும் உருக்கு என்றால், கீறல் விழுந்தாலும் வெள்ளிக்கோடு தெரியுமே தவிர மணிக்கூட்டுக்கு ஒன்றும் ஆகாது.

படி 2: என்ன பூச்சு என்று கேளுங்கள்
வெறும் பெயின்ட் என்றால் விட்டுவிடுங்கள். பிவிடி என்பது வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறை. ஐபி என்று எழுதியிருப்பதும் அதே குடும்பம்தான். டிஎல்சி என்பது வைரத்தை ஒத்த கரிமப் படலம், இன்னும் நன்றாக உழைக்கும். இரண்டுமே சில மைக்ரோன் தடிப்புத்தான்; நம் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரோன். வழமையான 316எல் உருக்கின் கடினம் விக்கர்ஸ் அளவில் 200ஐ அண்டி வரும், நல்ல டிஎல்சி 1500ஐத் தாண்டும்.

அப்படியானால் ஏன் உரிகிறது? சோற்றின் மேல் வைத்த அப்பளத்தை விரலால் அமத்திப் பாருங்கள். சோறு அமுங்கும், அப்பளம் நொறுங்கும். 100 இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது கை கம்பியில் இடித்தால் நடப்பதும் அதுதான். உருக்கு பள்ளமாகிறது, வளைய முடியாத பூச்சு வெடிக்கிறது. சில தயாரிப்பாளர்கள் முதலில் உருக்கையே கடினமாக்கிவிட்டு அதன் மேல் கறுப்புப் பூசுகிறார்கள். விலை கூடினாலும் என் தெரிவு அதுதான்.

படி 3: பழைய மணிக்கூடு என்றால் ஓரங்களைப் பாருங்கள்
போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். பட்டி பொருந்தும் கொம்புகளின் நுனி, கண்ணாடியைச் சுற்றிய வளையத்தின் விளிம்பு, கொக்கி. மூன்றும் கறுப்பாக இருந்தால் நல்ல சாமான். கொக்கி மட்டும் வெளுத்திருந்தால் கவலைப்படாதீர்கள், மேசையில் உராய்வது அதுதான்.

படி 4: கீறலா, ஒட்டிய கறையா?
இதைப் பலர் அறிவதில்லை. மெதுவான உலோகம் கடினமான பூச்சில் உராய்ந்தால், தேய்வது அந்த உலோகம்தான். அதன் துகள் வெள்ளிக்கோடாகப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேயுங்கள். போய்விட்டால் அது கீறலே இல்லை. விரல் நகம் தடக்கினால் உண்மையான கீறல்.

படி 5: கழுவுங்கள்
காலிமுகத்திடலுக்குப் போய்வந்த அன்று, மணலைத் துணியால் துடைக்க வேண்டாம். மணலிலுள்ள குவார்ட்ஸ் உருக்கைவிடக் கடினம். நீர் புகாத மணிக்கூடு என்றால் முதலில் பைப் தண்ணியில் பிடியுங்கள், பிறகு சவர்க்கார நுரையும் மெதுவான பிரஷும்.

படி 6: பொலிஷ் செய்யக் கொடுக்காதீர்கள்
என் முதல் கறுப்பு மணிக்கூட்டின் கொக்கியில் ஒரேயொரு கோடு இருந்தது. கடையில் கொடுத்தேன், சக்கரத்தில் பிடித்தார்கள், கொக்கி முழுவதும் வெள்ளியாகத் திரும்பி வந்தது. மனம் நொந்துபோனேன். பொலிஷ் என்பதே மேற்பரப்பைத் தேய்த்து எடுப்பது. அங்கே முதலில் போவது பூச்சு. மறுபடி பூச வேண்டுமென்றால் இயந்திரம், கண்ணாடி, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றி, பழைய பூச்சையும் நீக்கி, வெற்றிட அறையில் வைக்க வேண்டும். சாதாரண மணிக்கூட்டுக்கு அந்தச் செலவு கட்டாது. நான் உலோகப் பட்டியைக் கழற்றிவிட்டு நைலோன் பட்டி போட்டேன். இன்றைக்கும் அதைத்தான் கட்டுகிறேன்.