பழைய கார், விட்டுவிட்டு ஒழுகும் கூலண்ட்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் அளவு குறையும். காருக்கு அடியில் ஈரம் இருக்காது. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு சொட்டு விழாது. வைத்தியர் வீட்டு வாசலில் ஏறியதும் பல்வலி நின்றுபோகிற கதைதான். மன்னார்குடியில் இருபது வயதைத் தாண்டிய ஒரு பெட்ரோல் காரோடு இந்தக் கூத்தை ஏழு மாதம் ஆடியிருக்கிறேன். கூலண்ட் போகும் ரப்பர் குழாய்களில் (ஹோஸ்) இரண்டு, ரேடியேட்டர் மூடி ஒன்று மாற்றி, ரேடியேட்டரையே மாற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டேன். கோளாறு இவை எதிலும் இல்லை.

எங்கே ஒழுகுகிறது என்று தேடியதுதான் முதல் தவறு. எப்போது ஒழுகுகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

கூலண்ட் ஓடும் பாதை பிரஷர் குக்கர் மாதிரி. பல கார்களின் ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரை அது பிடித்துவைக்கும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டினாலும் கூலண்ட் கொதிப்பதில்லை. மயிரிழை விரிசல் அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும்; வந்ததும் சூட்டிலேயே காய்ந்துவிடும். சில ஹோஸ் கிளிப்புகள் இதற்கு நேர்மாறு. ஓடும்போது இறுக்கமாக இருக்கும், ராத்திரி ஆறிச் சுருங்கும்போது கசியும். மார்கழிக் காலையில் மட்டும் சொட்டினால் முதலில் கிளிப்பைப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு நேரம் உண்டு, அது பலருக்கும் தோன்றுவதில்லை: எஞ்சினை அணைத்த அடுத்த பத்து இருபது நிமிடம். கூலண்டைச் சுற்றவிடும் பம்பு நின்றுவிடும், ஆனால் இரும்பில் தேங்கிய சூடு கூலண்டில் ஏறிக்கொண்டே இருக்கும். என் கார் ஒழுகியது அப்போதுதான். கும்பகோணம் போகும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்துக் காத்திருந்த நாட்களுக்கு மறுநாள்தான் மட்டம் இறங்கியிருந்தது. இதைக் காட்டிக்கொடுத்தது மெக்கானிக் அல்ல, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். தேதி, போன ஊர், குறைந்த அளவு, அவ்வளவுதான் எழுதினேன். குறிப்பெடுக்காமல் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தால் துப்பு கிடைக்காது. மட்டத்தை எப்போதும் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, ஒரே சமதரையில் பார்க்க வேண்டும். சூட்டில் பார்த்தால் கூடுதலாகத் தெரியும்.

அடுத்தது தரை. எங்கள் பக்கம் கார் நிற்பது பெரும்பாலும் மண்ணில். வெடித்துக் கிடக்கும் கோடை மண்ணில் விழுந்த சொட்டை யார் பார்ப்பது? பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு நேர் கீழே விரித்துவைத்தேன். அதிலும் ஒரு குழப்பம் வந்தது: டெல்டா புழுக்கத்தில் ஏசி தண்ணீர் ஏகத்துக்கும் சொட்டும். அது நிறமில்லாத வெறும் தண்ணீர். காய்ந்தால் சுவடே இருக்காது. கூலண்டுக்கு நிறம் உண்டு, விரலில் வழுவழுக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டவே வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். அதே காரணத்துக்காகத்தான் கழற்றிய கூலண்டை மாடு தண்ணீர் குடிக்கும் வாய்க்காலில் கொட்டக் கூடாது.

பட்டறைக்குப் போகும் முன் எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு போவதும் தவறுதான். காய்ந்த கூலண்ட் விட்டுச்செல்லும் வெள்ளை அல்லது பச்சைப் படிவம்தான் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து அந்தத் தடத்தை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்காது, நடுவில் அடித்தட்டு, பெல்ட் எல்லாம் இருக்கிறது.

எனக்கு அந்தத் தடம் வாட்டர் பம்பில் போய் நின்றது. பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்கில் இறங்காமல் அதன் வழியே வெளியே வரட்டும் என்றே வைத்தது. அதை எம்சீல் வைத்து அடைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அடைத்திருந்தால் பேரிங் போய், பம்பு நடுவழியில் கடித்துப் பிடித்திருக்கும்.

இதே வகை வைத்தியம்தான் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது. நடுரோட்டில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர் வீடு வந்து சேர அது உதவியிருக்கலாம். காரில் போட்டால் கசிவை அடைக்கும் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னும் மோசம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்பார்கள். அது கூலண்ட் ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரிக்கு வந்த பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் கதவு. அது போனால் எஞ்சின் சூடாகவே நேரமெடுக்கும், பெட்ரோல் குடிக்கும். அழுத்தம் சரியாக ஏறாததால் கசிவும் சில நாள் ஒளிந்துகொள்ளும். சரியாகிவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம்.

மூடியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அதில் இரண்டு வால்வு. அழுத்தம் மிஞ்சினால் ஒன்று கூலண்டைப் பக்கத்திலிருக்கும் ரிசர்வ் பாட்டிலுக்குத் தள்ளும், ஆறும்போது மற்றொன்று திரும்ப இழுக்கும். இரண்டாவது கெட்டால் பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பிப்போயிருந்தால் சந்தேகம் அதன்மேல்தான். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

அப்புறம் தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே துரு பிடித்து, இல்லாத இடத்திலும் ஓட்டை விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கூலண்டைக் கலந்து ஊற்றுங்கள்.

எங்கும் தடமே இல்லையென்றால் கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர் உள்ள பட்டறையைத் தேடுங்கள். மூடியில் போட்ட அளவுக்கு மேல் அழுத்தம் ஏற்ற விடாதீர்கள். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அங்கேயே பிளக்கும். டெஸ்டரின் முள் இறங்குகிறது, வெளியே ஈரமில்லை என்றால் முன்சீட்டின் கால்மிதிக்கு அடியில் தொட்டுப் பாருங்கள், கூலண்ட் ஓடும் ஹீட்டர் கசியலாம். ரேடியேட்டரில் குமிழி, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஆயிலில் பால் நிறம், இவற்றில் எது இருந்தாலும் எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

பம்பு மாற்றிய மறுநாள் மட்டம் மறுபடி இறங்கியிருந்தது. பகீர் என்றது. உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்போது இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இறங்குமாம். ஊற்றி நிரப்பினேன், நான்காம் நாளிலிருந்து நோட்டில் எழுத ஒன்றுமில்லை.