பழைய ரிவால்வர் கைக்கு வந்தால் செய்யக் கூடாதவை

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். தாத்தா காலத்து வெப்லி ரிவால்வர், பர்மிங்காமில் செய்தது. லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது, காகிதமெல்லாம் ஒழுங்கு. துணியைப் பிரித்ததும் மகன் சொன்னார்: “எப்படி மின்னுது பாருங்க அண்ணாச்சி. எலுமிச்சம்பழமும் செங்கப்பொடியும் போட்டு மூணு நாள் தேய்ச்சேன்.”

எனக்கு வயிறு கலங்கியது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பழைய வீட்டுச் சாமான்களுக்கு மதிப்பு எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குண்டு இருக்கிறதா என்று பார்ப்பது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேய்த்துப் பளபளப்பாக்குவது

புதிய இரும்பு மின்ன வேண்டும், பழைய இரும்பு மின்னக் கூடாது. நூறு, நூற்றைம்பது வருஷத்தில் அதன் மேல் படியும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. அதற்குக் கீழேதான் தொழிற்சாலையில் ஏற்றிய நீலக்கருப்பு மெருகு மிச்சம் இருக்கும். சோதனை முத்திரை, வரிசை எண், விற்ற கடையின் பெயர் எல்லாம் அந்த மேல்தோலில்தான் இருக்கின்றன. பிரிட்டனில் விற்பனைக்கு வரும் துப்பாக்கியை லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையில் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். பர்மிங்காம் சாலை 1813-ல் வந்தது. எங்கே சோதித்தார்கள், ஏறக்குறைய எந்தக் காலம் என்பதையெல்லாம் அந்தச் சின்ன கிரீடக் குறியை வைத்தே சொல்லிவிடலாம். அது ஒரு மிளகு அளவுதான் இருக்கும். உப்புத்தாளை நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு பழைய வீட்டில் கோல்ட் 1851 நேவி ரிவால்வர் இருந்தது. மருந்தும் குண்டும் தனித்தனியாக இட்டு, பின்னால் கேப் (தட்டினால் பொறி தரும் சின்ன மூடி) வைத்துச் சுடும் வகை. பேரல் மேல் கர்னல் கோல்ட், லண்டன் என்ற முகவரி. அமெரிக்கரான கோல்ட் லண்டனில் தொழிற்சாலை நடத்தியது 1853-லிருந்து சில வருஷங்கள்தான். எனவே அந்த முகவரி உள்ளவை நம் பக்கம் கிடைப்பது அபூர்வம். வீட்டுக்காரர் சம்மதத்தோடு, அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாக மூன்று மாலை தேய்த்தேன். வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. அவருக்கும் சந்தோஷம்.

வாங்க வந்தவர் பெரிய அனுபவஸ்தர். லென்ஸை வைத்து, குண்டு போடும் சிலிண்டரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். “கப்பல் எங்கே?” என்றார்.

அந்த மாடலின் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி உருட்டிப் பதித்திருக்கும். டெக்சஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய சண்டை, 1843 மே 16 என்ற தேதியோடு. கோடுகள் மயிரிழை ஆழம்தான். கையில் எடுத்து எடுத்து வைத்தாலே மங்கிவிடும். நான் உப்புத்தாள் போட்டிருக்கிறேன். சாய்த்துப் பிடித்தபோது ஒரு பாய்மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. பேசிய விலையில் பாதிகூட வரவில்லை. பணம் போனது ஒரு பக்கம். அந்தப் படத்தை இனி யாரும் பார்க்கவே முடியாது என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, என்னதான் செய்யலாம்? தொட்டால் விரலில் ஒட்டும் செந்தூள் துருதான் இரும்பைத் தின்கிறது. அதன் மேல் மெல்லிய மெஷின் எண்ணெயைத் தடவி, ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். விரலில் ஒட்டாத கரும்பழுப்பு துரு அப்படியே இருக்கட்டும். நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகி உள்விசையைப் பிடித்துக்கொள்ளும். பூஜைக்கு வைப்பவர்களைத் தடுக்க எனக்கு மனம் வராது. தாராளமாக வையுங்கள். பொட்டை மட்டும் பெட்டிக்கு வையுங்கள். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் வட்டமாகத் துரு பிடித்த ரிவால்வர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோலுறையிலேயே போட்டு வைப்பது

தோல் ஈரத்தை இழுக்கும். உறை தனியாக, துப்பாக்கி தனியாக.

புதிதாக நிக்கல் முலாம் பூசுவது

வேண்டவே வேண்டாம்.

கதையை நம்பி வாங்குவது

நம் ஊரில் பழைய ஆயுதம் என்றாலே ஒரு வீரக்கதை கூடவே வரும். கட்டபொம்மன் படையில் இருந்த ரிவால்வர் என்று சொல்லி ஒருவர் என்னிடம் காட்டியிருக்கிறார். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. கோல்ட் தன் ரிவால்வருக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1835-ல்தான். இன்னொருவர் வாஞ்சிநாதன் பெயரைச் சொன்னார். மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரவுனிங் பிஸ்டல். அதில் சுழலும் சிலிண்டரே கிடையாது.

இந்தப் பெயர்களை நெஞ்சில் வைத்திருக்கிற ஊர் இது. அவற்றைச் சொல்லி விலை ஏற்றுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

காகிதத்தைக் கேளுங்கள். 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் வந்துவிட்டதால், ஜமீன் வீடுகளில் பழைய லைசென்ஸ் தாள்கள் கிடக்கும். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு சாமான்கள் கைமாறின, தாள்கள் பரணிலேயே தங்கிவிட்டன. தாளில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் பத்துத் தலைமுறைக் கதையை விட அதற்கு மதிப்பு அதிகம். செல்லரித்த பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். மூடியின் உள்பக்கம் கடைக்காரர் சீட்டு ஒட்டியிருக்கலாம்.

எண்களை ஒப்பிடும்போது ஒரே இடத்தைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். கோல்ட் நேவியில் உடற்சட்டம் (ஃபிரேம்), பேரல், விசைக் காப்பு, கைப்பிடிப் பட்டை என்று பல பாகங்களிலும் எண் இருக்கும். ஒன்று மாறினால்கூட வேறு துப்பாக்கியின் பாகம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழசுதானே, லைசென்ஸ் எதற்கு என்பது

1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்குத்தான். வயதானதால் மட்டும் விலக்கு கிடைக்காது. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால், தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, அப்புறம் பெயர் மாற்றத்துக்கு அலையுங்கள்.

குண்டு இல்லாமல் விசையை இழுத்துக் குதிரையை அடிக்க விட்டுப் பார்ப்பது

உள்ளே இருக்கும் பழைய வில் (ஸ்பிரிங்) ஒடிந்தால் அதே வில் திரும்பக் கிடைக்காது.

கையில் கிடைத்த ஸ்க்ரூ டிரைவரைப் போடுவது

பழைய திருகுகளின் காடி மெல்லியது. காடிக்கு ஏற்றபடி நுனியை அரத்தால் ராவிக்கொண்டுதான் திருக வேண்டும். மழுங்கிய திருகைக் கண்டால், உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று வாங்குபவர் உடனே முடிவு செய்துவிடுவார்.

அந்த வெப்லியையும் அப்படி ராவிய நுனியால்தான் திறந்தேன். ஒரே திருகுதான். கறுப்புக் கைப்பிடித் தகடு கழன்று வந்தது. அதன் அடியில், எலுமிச்சம்பழம் எட்டாத இடத்தில், இரும்பு ஆழ்ந்த நீலத்தில் இருந்தது, நேற்றுத்தான் பர்மிங்காமிலிருந்து கிளம்பியதைப் போல. மகன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது முழுக்க இந்த நிறத்திலயா இருந்துச்சு?” என்று கேட்டார். ஆமாம் தம்பி என்றேன். அப்பா எதுவும் பேசாமல் தகட்டை வாங்கி, அதே இடத்தில் பொருத்திப் பிடித்தார். நான் திருகை மாட்டினேன்.