சைக்கிள் ஹெல்மெட்: நானும் செய்த தவறுகள்

சனிக்கிழமைகளில் விடிய ஐந்தரைக்குத் திருகோணமலை டச்சுக் குடாக் கடற்கரையில் ஆறேழு பேர் கூடுவோம். அங்கிருந்து உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி வரைக்கும் சைக்கிளில் போய், ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, வெயில் ஏற முன்னம் திரும்பிவிடுவோம். மாதத்துக்கு ஒருவராவது புதிதாக வந்து சேருவார். அவர்களுடைய தலையைப் பார்த்தால் எனக்கு என் பழைய படங்களைப் பார்ப்பது போலிருக்கும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் விட்ட அதே பிழைகள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

ஹெல்மெட்டை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு ஓடுவது, நாடிப் பட்டியைப் பூட்டாமல் விடுவது எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை. அது பிழையென்று செய்கிறவருக்கே தெரியும். சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிற பிழைகள்தான் ஆபத்து. அதில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, ஆகவே அதைப் பற்றிக் கூடுதலாகவே எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்குச் செய்யப்பட்டது என்று தெரியாமல் போடுவது

முதல் நாளே யாராவது கேட்பார்கள்: "அண்ணை, உண்மையிலேயே இது காப்பாத்துமோ? டிப்பர் அடிச்சா இந்த ரெஜிபோம் என்ன செய்யும்?"

ரெஜிபோம் என்பது ஹெல்மெட்டுக்கு உள்ளே இருக்கிற, மணி மணியான நுரை. நேரே வந்து டிப்பர் மோதினால் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்காகச் செய்யப்பட்ட சாமானும் அல்ல அது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078 இல் எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? உலோகத் தலை ஒன்றுக்கு ஹெல்மெட்டை மாட்டி, ஏறத்தாழ 1.5 மீற்றர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மேல் விழவிடுகிறார்கள். விழும் வேகம் மணிக்கு 19.5 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அந்தத் தலை உணரும் அதிர்ச்சி புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவில் 1999 இல் கட்டாயமான தரத்தில் உயரம் 2 மீற்றர். சைக்கிளில் இருக்கிற ஒருவருடைய தலையும் நிலத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, சறுக்கி விழுந்து தலை தாரில் அடிபடுகிறதே, அந்த அடிக்குத்தான் இது. எங்களுடைய விழுகைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்: ஓரத்து மணல், குறுக்கே வந்த மாடு, பள்ளம்.

அந்த வேலையை நன்றாகவே செய்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜேக் ஒலிவியரும் புருடென்ஸ் கிரெய்டனும் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 64,000 க்கும் மேற்பட்ட காயப்பட்ட சைக்கிளோட்டிகளின் தரவை 2016 இல் அலசினார்கள். ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக் காயம் ஏற்படும் வாய்ப்பு விகிதம் 51 சதவீதம் குறைவு. கடுமையான தலைக் காயம் என்று பார்த்தால் 69 சதவீதம் குறைவு. ஹெல்மெட்டால் கழுத்து முறியும் என்று ஒரு கதை உலவுகிறதே, அதற்கு அந்தத் தரவில் ஆதாரம் கிடைக்கவில்லை.

"நெதர்லாந்தில ஒருத்தரும் போடுறேல்லையே?" என்பது அடுத்த கேள்வி. அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. கண்டி வீதியில் பஸ்ஸுக்கும் ஓரத்து மணலுக்கும் நடுவில் ஓடுகிற எங்களுக்கு அந்த உதாரணம் எதற்கு?

விழுந்த ஹெல்மெட்டைத் திரும்பவும் போடுவது

இதுதான் அந்த எரிச்சல்.

போன மாதம் ஒரு பொடியன் வந்தான். நல்ல விலையுயர்ந்த ஹெல்மெட், வலது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உரசல். பெருமையாகக் கழற்றிக் காட்டினான். "ரெண்டு தரம் விழுந்திட்டன் அண்ணை. பாருங்கோ, வெடிக்கவேயில்லை. திறமான சாமான்." பக்கத்தில் நின்றவர்கள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று விசாரித்தார்கள். எனக்குக் கதைக்கவே வாய் வரவில்லை. ஏனென்றால் 2014 இல் நானும் இதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரக்கக்கண்டிப் பாலத்துக்குக் கிட்ட, காற்று அள்ளிக் கொட்டிய மணலில் முன்சில்லு சறுக்கி விழுந்தேன். தலையின் இடது பக்கம் 'டொக்' என்று தாரில் பட்டது. எழும்பினேன், கை கால் அசைத்துப் பார்த்தேன், முழங்கையில் மட்டும் தோல் போயிருந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல். வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் துடைத்து ஆணியில் கொழுவினேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அதையேதான் போட்டேன். என்னைக் காப்பாற்றிய ஹெல்மெட் என்று அதில் ஒரு விசுவாசம் வேறு.

பிறகு புதிது ஒன்று வாங்கியபோது பழையதை மருமகனிடம் கொடுத்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, ரியூஷனுக்குச் சைக்கிளில்தான் போய் வருவான். "மாமா, இது விழுந்ததெல்லோ?" என்று கேட்டான். அவனுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. "விழுந்தும் ஒண்டும் நடக்கேல்லையடா" என்றேன்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒருநாள் இருட்டுகிற நேரம், கோட்டைக்குள்ளிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கி வருகிற மான்களில் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தவன் இடது பக்கமாகவே போய் விழுந்தான். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குந்திக்கொண்டிருந்தான், கதைத்தான். ஆனால், "மாமா, சைக்கிள் எங்கே?" என்று கேட்டான். சொன்னேன். இரண்டு நிமிடத்தில் திரும்பவும், "மாமா, சைக்கிள் எங்கே?" பத்துப் பன்னிரண்டு தரம் கேட்டிருப்பான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஓட்டோவுக்குள் சத்தி எடுத்தான். (விழுந்தவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், சத்தி எடுத்தால், நித்திரை தூங்கி விழுந்தால், வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரி.) மூளை அதிர்ச்சி. நல்ல காலம், இரத்தக் கசிவு இல்லை. ஆனால் வாரக்கணக்கில் புத்தகத்தைத் திறந்தாலே தலையிடி. அந்த முறை பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடம்தான் எழுதினான். ஒரு வருடம் போய்விட்டது.

புது ஹெல்மெட் என்றால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். நல்ல ஹெல்மெட்டுக்குள்ளும் மூளை அதிர்ச்சி வரும். ஆனால் அன்றிரவு நான் அந்த ஹெல்மெட்டை இரும்பறுக்கும் வாளால் நடுவே இரண்டாக அறுத்தேன். கையெல்லாம் வெள்ளை மணிகள் ஒட்டிக்கொண்டன. வலது பக்கத்தில் ரெஜிபோம் மணி ஒவ்வொன்றும் உருண்டையாக, இடையில் இலேசான வெளிச்சம் தெரிகிற மாதிரி. இடது பக்கத்தில், காதுக்கு மேலே, மணிகள் மிதிபட்ட பொரி மாதிரித் தட்டையாகி ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தன. பெருவிரலால் அமத்தினால் வலது பக்கம் கொஞ்சம் உள்ளே போனது. இடது பக்கம் பலகை. அதில் எது என் விழுகை, எது அவனுடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே இடம்.

விஷயம் இவ்வளவுதான். சிதறுதேங்காயை யாராவது மணலில் அடிக்கிறார்களா? கல்லில்தான் அடிப்பார்கள். கல்லில் தேங்காய் சட்டென்று நிற்கிறது, மணலில் புதைந்து நிற்கிறது. தலைக்கும் அதே கணக்குத்தான். ஒன்றரை மீற்றர் விழுந்த தலை 2 மில்லிமீற்றருக்குள் நின்றால், அது தாங்கவேண்டிய அதிர்ச்சி சராசரியாகப் புவியீர்ப்பின் 750 மடங்கு. 20 மில்லிமீற்றர் தூரத்தில் நின்றால் 75 மடங்கு. அந்த 20 மில்லிமீற்றரைத் தருவதற்குத்தான் ரெஜிபோம் நசுங்குகிறது. நசுங்கிய இடம் திரும்ப நசுங்காது. ஸ்பொஞ்ச் மாதிரி முழுதாக மீளவும் மீளாது; ஓரளவுக்கு மேலெழும்பி, பார்வைக்குப் பழையபடி நிற்கும். அங்கேதான் ஏமாறுகிறோம். வெளியே இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் ஓட்டில் ஒரு கீறல்தான் தெரியும், உள்ளே அது தன் வேலையை முடித்துவிட்டிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமான பேச்சும் உண்டு. ஹெல்மெட் வெடித்துப்போனால், "மலிஞ்ச சாமான், ஒரு விழுகைக்கே போட்டுது" என்று கடைக்காரரை ஏசுவார்கள். ஒரு விழுகைக்காகத்தான் அதைச் செய்ததே! வெடிப்பு மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. வெடித்த இடத்தில் நசுங்கியும் இருந்தால் அது தாங்கக்கூடியதைத் தாங்கியிருக்கிறது. நசுங்காமல் இரண்டாகப் பிளந்திருந்தால்தான் யோசிக்கவேண்டும்.

பலமுறை அடிதாங்கும் வேறு வகை நுரையில் செய்த ஹெல்மெட்களும் இருக்கின்றன. அப்படியானால் லேபிளில் எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால் உங்களுடையது ஒருமுறைச் சரக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தால்? உள்ளே தலை இல்லாவிட்டால் பாரம் வெறும் 300 கிராம் வரைக்கும்தான், பெரும்பாலும் பயமில்லை. பஞ்சுப் பட்டைகளைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் உள்பக்கம் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, ஓடு நுரையிலிருந்து கழன்று நிற்கிறதா என்று. ஆனால் தலையோடு சேர்ந்து விழுந்ததென்றால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மாற்றுங்கள்.

ரயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். பிரேக் கட்டை தேய்ந்தால் மாற்றுகிறோம். இதில் மட்டும் என்ன கஞ்சத்தனம் என்று எனக்கு விளங்குவதில்லை. எனக்கும் அந்தக் கஞ்சத்தனம் இருந்தது என்பதால்தான் இவ்வளவு கோபம்.

பழைய ஹெல்மெட் வாங்குவது

மேலே எழுதியதை வாசித்தபிறகுமா?

உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் விட்டுப்போகிற நல்ல நல்ல ஹெல்மெட்கள் கைமாறி வரும். பெயர் பெரிய பெயராக இருக்கும். எத்தனை தரம் விழுந்தது என்று அதில் எழுதியிருக்காது.

நெற்றியைத் திறந்துவிட்டுப் பின்னுக்குத் தள்ளிப் போடுவது

படத்துக்கு முகம் வடிவாய்த் தெரியவேண்டும், கொண்டை இடிக்கிறது, வியர்க்கிறது. காரணம் எதுவானாலும் ஹெல்மெட் பிடரியில் தொங்குகிறது. முன்னுக்குப் பாய்ந்து விழுகிறபோது முதலில் படுவது நெற்றி. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம்தான் வெறுமையாக இருக்கலாம். பக்கப் பட்டிகள் இரண்டும் காதுக்குக் கீழே சந்திக்கவேண்டும். நாடிப் பட்டிக்குள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு. வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் உச்சியைக் கீழே இழுக்கிறதா? சரி, அப்படியானால் அளவு சரி. கொண்டை போடுகிற அக்காமார் ஓடுகிற நேரம் மட்டும் அதைத் தாழ்த்திக் கட்டுங்கள், வேறு வழியில்லை.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை வைத்துச் சமாளிப்பது

சட்டத்துக்காக அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. பாதுகாப்பில் குறையொன்றுமில்லை. ஆனால் கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் ஒன்றரைக் கிலோவைத் தலையில் வைத்து பெடல் மிதித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் அது வீட்டு அலுமாரியின்மேல் இருக்கும். கட்டட வேலைக்குப் போடுகிற தொப்பியோ வேறு கதை. அது மேலேயிருந்து விழுகிற கல்லுக்கு, நீங்கள் விழுவதற்கு அல்ல.

பெற்றோலால் துடைப்பது

கிறீஸ் போக்க வேறு வழியா இல்லை? ரெஜிபோம் பெற்றோலில் கரையும். சந்தேகமென்றால் மீன் பெட்டித் துண்டொன்றில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

மஞ்சள் நிறத் தகடு இருந்தால் எல்லாம் சரி என்று நம்புவது

மிப்ஸ் என்று சொல்கிற அந்த உள்தகடு சுவீடனில் பிறந்தது. சாய்வாக விழும்போது ஹெல்மெட்டைத் தலையின்மேல் 10 முதல் 15 மில்லிமீற்றர் நழுவ விட்டு, மூளை சுழல்வதைக் குறைப்பதற்கானது. இருந்தால் நல்லது. தளர்வாகப் போட்ட மிப்ஸ் ஹெல்மெட்டை விட இறுக்கமாகப் போட்ட சாதாரண ஹெல்மெட் மேல்.

வளர்கிற பிள்ளைக்குப் பெரிய சைஸ் வாங்குவது

அது பள்ளிச் சப்பாத்து அல்ல.

பழையதை அப்படியே எறிவது

மருமகனின் சம்பவத்துக்குப் பிறகு, வீட்டில் கிடந்த இன்னொரு அடிபட்ட ஹெல்மெட்டையும் குப்பையில் போட்டேன். செம்மஞ்சள் நிறம், பின்னால் நான் ஒட்டிய வெள்ளி ரேப் துண்டு. நான்கு நாள் கழித்து வாசலில் மணி அடித்தது. பெட்டி கட்டிய சைக்கிளில் மீன்கார ஐயா. தலையில் அதே செம்மஞ்சள், அதே வெள்ளி ரேப். "வெயிலுக்கு நல்லாயிருக்குத் தம்பி, ஆரோ விசரன் எறிஞ்சிருக்கிறான்" என்றார்.

அந்த விசரன் நான்தான் என்று விளங்கப்படுத்தி, அதை அவரிடமிருந்து கழற்றி வாங்க எனக்குப் புது ஹெல்மெட் ஒன்று செலவானது. அன்றைக்குப் பாரை மீனுக்கும் அவர் விலை குறைக்கவில்லை. இப்போதெல்லாம் கத்தரிக்கோலால் இரண்டு பக்கப் பட்டியையும் வெட்டி, உள்ளே பேனாவால் 'விழுந்தது' என்று எழுதிவிட்டுத்தான் எறிகிறேன்.