பாதி உறைந்த ஏரியில் வாத்துப் பார்ப்பது எப்படி? ஸ்காபரோக் கரையிலிருந்து ஒரு செய்முறை

வீட்டில் எல்லோரும் ஹீற்றர் பக்கம் சுருண்டு கிடக்கும் ஜனவரிச் சனிக்கிழமைக் காலையில் நான் தொப்பியும் தொலைநோக்கியுமாகப் படியிறங்குவேன். “உந்தக் குளிருக்குள்ள வாத்துப் பார்க்கப் போறியளோ?” என்று மனைவி கேட்பார். “வாத்து அங்க நிக்குதப்பா, நானும் போய் நிக்கிறன்” என்பேன். வருடா வருடம் இதே கதைதான்.

நான் போவது ஒன்ராறியோ ஏரிக்கரைக்கு, ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில். கோடையில் அதே கரைக்குப் போனால் மலாட் வாத்தும் கனடா கூஸும்தான் பெரும்பாலும் அகப்படும். குளிர்காலத்தில் ஆர்க்டிக்கிலிருந்தும் வடக்குக் காடுகளிலிருந்தும் வாத்துகள் ரொறன்ரோவுக்கு இறங்கிவிடும். நாங்கள் புளோரிடாவுக்குப் போக ஏங்குகிறோம். அவைக்கு ஸ்காபரோதான் புளோரிடா. மன்னாரில் மாரிக்கு வந்து இறங்குமே ஊசிவால் வாத்து, அந்த இனத்தைக்கூட அதிர்ஷ்டம் இருந்தால் இங்கே பார்க்கலாம்.

இதுவரை பறவை பார்த்தே பழக்கமில்லாதவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: திறந்த தண்ணீரைத் தேடுங்கள்

ஒன்ராறியோ ஏரி லேசில் உறையாது. ஆகக்கூடிய ஆழம் 244 மீற்றர். சராசரி ஆழமே 86 மீற்றர். கோடையில் வாங்கிய சூட்டை அவ்வளவு தண்ணீரும் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. காற்றும் அலையும் மேற்பரப்பை ஓயவிடுவதில்லை. குடாக்களும் படகுத்துறைகளும் பூங்காக் குளங்களும் அப்படியல்ல, ஆழம் குறைந்தவை. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் ஆகக் கனமாக இருக்கும். குளம் முழுக்க அந்த 4 பாகைக்கு வந்த பிறகு, அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே மிதக்கும். அதன்பின் காற்றில்லாத ஓரிரு கடுங்குளிர் இரவு போதும், விடியும்போது குளத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கும்.

எங்கள் வேலையை இலகுவாக்குவது இந்த ஐஸ்தான். நவம்பரில் இருபது குளத்தில் சிதறிக் கிடந்த வாத்துகள், அவை உறைய உறைய, மிச்சமிருக்கும் திறந்த தண்ணீருக்கு வந்து சேர்கின்றன. ஆகவே முதலில் பறவையைத் தேட வேண்டாம். கூகுள் மப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஓடை வந்து விழும் வாய், மழைநீர்க் குழாய் வெளியேறும் இடம், குடாவையும் ஏரியையும் இணைக்கும் ஒடுக்கமான கால்வாய், படகுத்துறை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் தண்ணீர் பிந்தித்தான் உறையும். படகுத்துறைகள் சிலவற்றில் அடியில் குழாய் போட்டுக் காற்றுக் குமிழிகளை மேலே விடுவார்கள். குமிழிகள் அடியிலிருக்கும் அந்த 4 பாகைத் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருவதால் மேலே ஐஸ் பிடிக்காது. படகுக்காகச் செய்த ஏற்பாடு வாத்துக்கும் உதவுகிறது. ஒரு ஓட்டையில் வாத்துகள் கூடிவிட்டால், அவையே கால் அடித்து அடித்து அதை மூடவிடாமல் வைத்திருப்பதும் உண்டு.

நான் அடிக்கடி போவது பிறிம்லி வீதியின் தெற்கு முனையில் இருக்கும் பிளஃபர்ஸ் பார்க். செங்குத்தான இறக்கம், ஸ்நோ கொட்டிய அன்று கார் இறக்கும்போது கடவுளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் படகுத்துறை, மறுபக்கம் திறந்த ஏரி என்பதால் ஒரே நடையில் இரண்டும் கிடைக்கும். பிக்கரிங் பக்கம் இருப்பவர்களுக்கு பிறெஞ்ச்மன்ஸ் பே, மேற்கே இருப்பவர்களுக்கு ஹம்பர் பே பார்க். முதல் வருடம் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தரம் போங்கள். ஐஸ் விளிம்பு வாராவாரம் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் மற்ற ஏரிகள் தானாகப் பிடிபடும்.

படி 2: காற்றும் வெயிலும்

கடுங்குளிர் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்துப் போவது நல்லது; அதற்குள் சின்னக் குளங்கள் மூடியிருக்கும். காற்றின் திசை முக்கியம். ரொறன்ரோ ஏரியின் வடகரையில் இருக்கிறது. வடக்குக் காற்று நிலத்திலிருந்து ஏரிக்குள் வீசுவதால் கரையோரம் தண்ணீர் தட்டையாக இருக்கும்; ஒரு தலையும் அலைக்குள் ஒளியாது. பிளஃபர்ஸ் பார்க்கில் முதுகுக்குப் பின்னால் மலைச்சுவர் நிற்பதால் அந்தக் காற்று எங்களையும் அவ்வளவாக அடிக்காது. கிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ பலமாக வீசுகிறதென்றால் வீட்டிலேயே இருங்கள்.

இன்னொரு சிக்கல் வெயில். வடகரையில் நின்று ஏரியைப் பார்ப்பது என்றால் தெற்கைப் பார்ப்பது. டிசம்பர் கடைசியில் இங்கே நடுமத்தியானத்திலும் சூரியன் 23 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அது நேரே முகத்தில் அடித்தால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். நிறம் பார்த்துப் படிக்க வெளிச்சமான மப்பு நாள்தான் நல்லது. வெயில் எறித்தால் காலையில் தென்மேற்கையும் பின்னேரம் தென்கிழக்கையும் பாருங்கள், சூரியன் முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ வரும்.

படி 3: உடுப்பு

பறவை பார்ப்பவர் நடப்பதைவிட நிற்பதே அதிகம். ஆகவே நடைக்குப் போடுவதைவிட ஒரு உடுப்புக் கூடப் போடுங்கள். தோலோடு ஒட்டுவது பருத்தியாக இருக்க வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துப் பிறகு உயிரை வாங்கும். சப்பாத்துக்குள் இரண்டு சொக்ஸ் போட்டு இறுக்கினால் கால் இன்னும் கெதியாக விறைக்கும். விரல் அசைய இடம் வேண்டும். கைக்கு உள்ளே மெல்லிய கையுறை, மேலே விரல் பிரியாத தடித்த உறை. மேலுறையைக் கழற்றினாலும் வெறும் விரலால் உலோகத்தைத் தொடவேண்டி வராது.

குளிர்காற்றுக் குறியீடு, அதாவது விண்ட் சில், −28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அந்த நாளில் காருக்குள் இருந்தே பாருங்கள். இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி ஒரு பிளாஸ்க் கட்டாயம்.

படி 4: தொலைநோக்கி

8×42 என்று எழுதியிருப்பதை எடுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பது. 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். 12 மடங்கு என்று ஆசைப்படாதீர்கள். குளிரில் கை நடுங்கும், படமும் 12 மடங்கு நடுங்கும்.

வீட்டு யன்னலில் நின்று ஒருமுறை சரிசெய்து பழகுங்கள். வலக்கண்ணை மூடி, நடுச் சில்லைத் திருப்பி, இடக்கண்ணுக்கு எதிர்வீட்டுக் கூரை கூர்மையாக வரும்வரை பாருங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் குழாயில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இனி நடுச் சில்லுக்கு மட்டும்தான் வேலை. மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் ரப்பர்க் கிண்ணத்தை உள்ளே இறக்கிவிடுங்கள்.

சால்வையால் மூக்கை மூடிக்கொண்டு தொலைநோக்கியைத் தூக்கினால் மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் ஆவி படியும். தூக்குமுன் சால்வையைத் தாடைக்கு இறக்குங்கள். வீடு திரும்பியதும் தொலைநோக்கியைப் பையில் வைத்துச் சிப்பை இழுத்து ஒரு மணித்தியாலம் தொடாதீர்கள். சூட்டு அறையில் அப்படியே எடுத்தால் வியர்த்துவிடும். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பற்றறி படுத்துவிடும்.

படி 5: ஐஸில் கால் வைக்காதீர்கள்

வாத்து நிற்கும் இடம் என்றாலே ஐஸ் மெலிந்த இடம். ஓடை வாயும் குமிழி விடும் படகுத்துறையும் நாங்கள் தேடிப் போகும் இடங்கள், அங்கேதான் ஆபத்தும். மேலே ஸ்நோ விழுந்திருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. யாரோ நடு ஐஸில் இருந்து மீன் பிடிக்கிறார் என்பதை அளவுகோலாக எடுக்க வேண்டாம்.

பலர் கவனிக்காதது இன்னொன்று. மணல் கரையில் அலைகள் தெறித்துத் தெறித்து ஐஸ் மேடு கட்டியிருக்கும். பார்த்தால் கரை மாதிரியே இருக்கும், படம் எடுக்க ஏறத் தோன்றும். அது கரையல்ல. அடியில் அலை அரித்து வெறுமையாக இருக்கலாம். மணல் எங்கே முடிகிறதோ அங்கே நில்லுங்கள்.

படி 6: பார்க்கும் ஒழுங்கு

வாத்து படிக்கக் குளிர்காலம்தான் நல்ல பள்ளிக்கூடம். பெரும்பாலான வாத்துகள் குளிர்காலத்திலேயே சோடி சேர்கின்றன. அதனால் ஆண்கள் இப்போதுதான் முழு அலங்காரத்தோடு நிற்கும். முதல் நாள் பெண் வாத்துகளைப் பார்த்துத் தலையை உடைக்காதீர்கள். ஆணைப் பிடியுங்கள், பக்கத்தில் நிற்கும் மண்ணிறக்காரி யாரென்று பிறகு விளங்கும்.

வந்ததும் தொலைநோக்கியைத் தூக்காமல் வெறும் கண்ணால் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு ஐஸ் விளிம்பை இடமிருந்து வலமாக மெல்லத் தடவிக்கொண்டு போங்கள். முதல் கேள்வி ஒன்றுதான்: மேய்கிறதா, முங்குகிறதா?

வாலை மேலே தூக்கித் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்வது ஒரு கூட்டம். மலாட், பின்பக்கம் மட்டும் கறுத்திருக்கும் கருவால் வாத்து எல்லாம் இதற்குள். வெருண்டால் தண்ணீரிலிருந்து நேரே மேலே எழும்பும். முழுதாக மறைந்து வேறோர் இடத்தில் எழும்புவது மற்றக் கூட்டம். பறக்குமுன் தண்ணீர்மேல் ஓடும். ஏரிக்கரையில் சுவாரசியமானவை இவைதான்.

பஃபிள்ஹெட்: வட அமெரிக்காவின் முங்கும் வாத்துகளில் ஆகச் சின்னது. ஆணின் தலைக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் துண்டு. போத்தல் மூடி மாதிரி அலையில் துள்ளும்.

கோல்டன் ஐ: மஞ்சள் கண், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே வெள்ளைப் பொட்டு. பறக்கும்போது இறக்கை விசில் அடிக்கும். பெப்ரவரியில் ஆண்கள் தலையைப் பின்னுக்கு மடித்து முதுகில் முட்டக் கொண்டுபோய்ப் பெண்ணுக்குக் கூத்துக் காட்டும். கழுத்து முறிந்துவிட்டதோ என்று நான் முதல்தரம் பயந்தேன்.

மேர்கன்சர்: மீன் பிடிக்கிறவர். அலகு ஒடுக்கம், ஓரம் வாள் பல்லுப் போல. சிவப்பு நெஞ்சு மேர்கன்சருக்குத் தலைமுடி நித்திரையால் எழும்பியவர் மாதிரிக் கலைந்திருக்கும்.

லோங் ரெயில்ட் டக்: என் செல்லம். ஆர்க்டிக்கில் முட்டையிடும் வாத்து. ஆணுக்கு நீண்ட ஊசி வால். 60 மீற்றர் வரை முங்கக்கூடியது, தண்ணீருக்குள் இறக்கையால் நீந்தும். கூட்டமாக நின்றால் ஓயாமல் கதைக்கும். கண்ணை மூடிக் கேட்டால் தூரத்தில் ஒரு கலியாண வீடு நடப்பது போல இருக்கும்.

அன்னம் பார்க்க ஆசையென்றால் பேர்லிங்டனில் லசால் பார்க். அலகு செம்மஞ்சள் என்றால் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த மியூட் அன்னம். முழுக் கறுப்பு அலகு என்றால் பெரும்பாலும் இந்த மண்ணின் ட்ரம்பெற்றர் அன்னம். ஒன்ராறியோவின் கடைசிக் காட்டு ட்ரம்பெற்றர் 1886இல் சுடப்பட்டது. 1982இல் ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் தொடங்கிய முயற்சியால் திரும்பவும் பெருகின. இறக்கையில் மஞ்சள் இலக்கத் தகடோடு சில நிற்கும்; அந்த இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பார்த்து முடித்த பிறகு ஐஸின் மேற்பரப்பைப் பாருங்கள். கடற்காகங்கள் நடுவே ஒரு வெண்தலைக் கழுகு குந்தியிருக்கலாம். ஐஸில் வெறுங்காலோடு நிற்கும் வாத்தைப் பார்த்துப் பாவப்படத் தேவையில்லை. காலுக்கு இறங்கும் சூட்டு இரத்தமும் மேலே ஏறும் குளிர் இரத்தமும் பக்கம் பக்கமாக ஓடுவதால், இறங்கும் சூட்டை ஏறும் இரத்தம் வாங்கிக்கொண்டு உடம்புக்கே திருப்பிக் கொண்டுபோகிறது.

படி 7: கிட்டப் போவதும் எண்ணுவதும்

முங்கும் வாத்துக்குக் கிட்டப் போக ஒரு வழி உண்டு. அது முங்கியதும் நாலு எட்டு வையுங்கள். எழும்புமுன் மரத்தோடு மரமாக நில்லுங்கள். எல்லாத் தலையும் ஒரேயடியாக நிமிர்ந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்ட வந்துவிட்டீர்கள். பின்னுக்கு வாருங்கள். இந்தக் குளிரில் ஒருமுறை எழும்பிப் பறப்பது அவைக்குப் பெரிய செலவு. பாண் போட வேண்டாம்.

எண்ணுவதில் நான் ஆரம்பத்தில் நன்றாக ஏமாந்தேன். ஒரு தரம் 14 கோல்டன் ஐ, அடுத்த தரம் 9, பிறகு 17. பாதி தண்ணீருக்கு அடியில் இருந்தால் வேறென்ன வரும்? ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று தரம் எண்ணி, ஆகக்கூடிய தொகையை எழுதுங்கள்.

படி 8: எழுதி வையுங்கள்

பென்சில் கொண்டுபோங்கள், குளிரில் பேனா எழுதாது. வீட்டுக்கு வந்து பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் (eBird) செயலியில் உங்கள் பட்டியலைப் போட்டால் உங்கள் ஏரியின் கணக்கு உங்களிடமும் இருக்கும், ஆராய்ச்சியாளர்களிடமும் இருக்கும். நாலைந்து இனம் பிடிபட்டதும் கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5க்குள் நடக்கும். புதியவர்களை அனுபவசாலிகளோடு சேர்த்து அனுப்புவார்கள். 1900இல் முதன்முதலாக 25 இடங்களில் நடந்தபோது அதில் ரொறன்ரோவும் ஒன்று.

மார்ச்சில் குடா ஐஸ் உடையத் தொடங்கும். திறந்த தண்ணீர் எங்கும் ஆனதும் வாத்துகள் திரும்பவும் சிதறிவிடும். கோல்டன் ஐ முதலில் குறையும். லோங் ரெயில்ட் கொஞ்சம் பிந்தி நிற்கும், சத்தமும் கூடியிருக்கும். பிறகு ஒரு காலை பிளஃபர்ஸ் பார்க்குக்குப் போனால் மலாட்டும் கூஸும் மட்டும் நிற்கும்.