தீவு ஓக், கேன்யன் ஓக்: ஒன்றை மற்றொன்றாக்கும் தவறுகள்

கேன்யன் லைவ் ஓக் (குவெர்கஸ் கிரைசோலெபிஸ்) கலிபோர்னியா மலைச்சரிவுகளில் தாராளமாகக் கிடைக்கிற மரம். அதன் நெருங்கிய உறவான தீவு ஓக் (குவெர்கஸ் டோமென்டெல்லா) கலிபோர்னியாவின் சேனல் தீவுகளில் ஐந்திலும் மெக்சிகோவின் குவாடலூப் தீவிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் அது அழியும் அபாயத்தில் இருக்கும் இனம். புதிதாக ஓக் வளர்க்க வருகிறவர்கள் இரண்டையும் வைத்து ஒரே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

ஒற்றை இலையை நம்புவது

கேன்யன் ஓக்கின் ஒரே கிளையில் வழவழப்பான ஓரமுள்ள இலையும் முள் விளிம்புள்ள இலையும் இருக்கும். அதனால் விளிம்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வெயில் படும் முதிர்ந்த கிளையில் பல இலைகளைப் புரட்டிப் பாருங்கள். தீவு ஓக்கில் பக்க நரம்புகள் இணையாக, மேற்புறத்தில் பள்ளம் விழுந்து ஓடும். கேன்யன் ஓக்கில் நரம்பு அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. அதன் இளம் இலையின் அடியில் பொன்னிறத் தூள் போன்ற மயிர் இருக்கும், முதிர்ந்தால் உதிர்ந்து சாம்பல் நிறமாகிவிடும்.

தாய்மரத்தின் பெயரையே கன்றுக்கும் வைப்பது

எரிச்சலூட்டுவது இதுதான். தோட்டத்தில் நிற்கும் தீவு ஓக்கின் அடியில் கொட்டை பொறுக்கி, "தீவு ஓக்" என்று அட்டை எழுதி, தீவுகளில் மறுநடவுக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஓக்குகளுக்கு மகரந்தம் காற்றில் வரும். இந்த இரண்டும் தயங்காமல் கலக்கும். பக்கத்தில் கேன்யன் ஓக் நின்றால் எந்தக் கொட்டைக்கு அப்பன் யார் என்பதே தெரியாது. கன்றுப் பருவ இலையும் காட்டிக்கொடுக்காது. கலப்பு வெளியே தெரிவதற்குள் பல வருடத் தண்ணீரும் இடமும் போயிருக்கும். கலப்பு மரம் தீவுக்குள் போய்ப் பூத்துவிட்டால் அங்குள்ள தூய மரங்களின் விதையும் கெடும்.

கொட்டையைத் தாய்மரவாரியாகத் தனிப் பையில் போடுங்கள். மரத்தின் இடத்தையும், சுற்றிலும் நிற்கும் ஓக்குகளையும் குறித்து வையுங்கள். தோட்டத்து மரம்தான் கதி என்றால், வசந்தத்தில் பெண் பூ விரியும் முன்பே கிளை நுனிக்குத் துணிப்பை கட்டி, தீவு ஓக் மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டும். அவசரப்பட முடியாது. இரண்டிலும் கொட்டை அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் முற்றும். அதுவரை அடையாளச் சீட்டு கிளையில் இருக்க வேண்டும்.

தண்டுகளைத் தனித்தனி மரங்களாக எண்ணுவது

தீவு ஓக் அடியிலிருந்து துளிர்த்துப் பரவும். பத்துத் தண்டு ஒரே மரமாக இருக்கலாம். தள்ளித் தள்ளி நிற்கும் தோப்புகளில் சேகரியுங்கள்.

கொட்டையைக் காயவைப்பது

காய்ந்தால் செத்துவிடும். ஈரப்பாங்காக, 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள்.

குட்டைத் தொட்டி

ஆணிவேர் சுருளும். 30 செ.மீ. ஆழமாவது வேண்டும்.